வஸிய்யத் வசனத்தை ரத்துச் செய்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றிக் கடிதங்களும் கட்டுரைகளும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய 2009 இல் ஒரு குழு அமைத்து, அது 2018 இல் அறிக்கையும் கொடுத்தாயிற்று. வாதம் இன்னும் முடியவில்லை. பேச வேண்டிய விடயம்தான். ஆனால் அதே வீடுகளில், ஜனாஸா அடக்கமாகி நாற்பது நாள் கழிவதற்குள் தொடங்கும் பங்குச் சண்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வாப்பாவின் வீட்டுக்காகப் புதுக்கடை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நானா (அண்ணன்), தம்பி, தாத்தாமார் (அக்காமார்) நம்மில் எத்தனை பேர்! இந்தச் சண்டைகளில் பெரும்பகுதி, வஸிய்யத், அதாவது மரண சாசனம் எழுத வேண்டும் என்ற குர்ஆனின் கட்டளையை நாம் கைவிட்டதால் வந்தது என்பது என் உறுதியான கருத்து. அதைக் குர்ஆனை மட்டும் முன்னால் வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கட்டளை குர்ஆனின் 2 ஆம் அத்தியாயமான ஸூரத்துல் பகராவின் 180 ஆம் வசனம் (2:180). உங்களில் ஒருவருக்கு மரணம் நெருங்கும்போது, அவர் செல்வத்தை விட்டுச் செல்வாரானால், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் நியாயமான முறையில் வஸிய்யத் செய்வது விதிக்கப்பட்டிருக்கிறது, இது பயபக்தியுடையோர் மீது கடமை என்கிறது அது. அடுத்த வசனம், அதைக் கேட்ட பிறகு மாற்றுகிறவர் மீது பாவத்தைச் சுமத்துகிறது. மூன்று வசனம் தள்ளி, 183 இல், நோன்பும் அதே விதமாகத்தான் 'விதிக்கப்பட்டிருக்கிறது'. ரமழானில் நோன்பை விடுகிறவரை ஊரே கேள்வி கேட்கிறது. வஸிய்யத் எழுதாமல் மௌத்தாகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த வசனம் மன்ஸூக், அதாவது சட்டம் நீக்கப்பட்ட வசனம் என்று மத்ரஸாக்களில் கற்பிக்கிறார்கள். பங்குகளைச் சொல்லும் 4 ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நிஸாவின் 11, 12 ஆம் வசனங்கள் (4:11, 4:12) இறங்கியதும் இதன் வேலை முடிந்துவிட்டது என்றும், 'வாரிசுக்கு வஸிய்யத் இல்லை' என்ற ஹதீஸ் (நபிமொழி) அதை உறுதிப்படுத்துகிறது என்றும் விளக்கம். இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹபை (சட்ட மரபை). அந்த மத்ஹபின் இமாம் ஷாபிஈயே, குர்ஆனைக் குர்ஆன்தான் மாற்ற முடியும், ஸுன்னா (நபிவழி) மாற்ற முடியாது என்ற நிலைப்பாட்டில் இருந்தவர். ஆகவே அவரும் பங்கு வசனங்களே ரத்துச் செய்தன, ஹதீஸ் அதை நமக்குக் காட்டித் தந்தது என்றே வாதிட்டார். அப்படியானால் ஹதீஸை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பங்கு வசனங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம் அல்லவா?

4:11 பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு சொல்லிவிட்டு, 'அவர் செய்த வஸிய்யத்தும் கடனும் போக' என்கிறது. 4:12 கணவனுக்குப் பங்கு சொல்லி, வஸிய்யத்தும் கடனும் போக என்கிறது. மனைவிக்குச் சொல்லி மறுபடி அதையே சொல்கிறது. பிள்ளையும் பெற்றோரும் இல்லாதவரின் சகோதரருக்குச் சொல்லி மறுபடியும் அதையே. இரண்டு வசனங்களில் நான்கு முறை! பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று எல்லாமே வஸிய்யத் போக மிஞ்சியதன் மீதான கணக்குகள். தனக்கு முன்னால் வஸிய்யத்தை நிறுத்தி நான்கு முறை மரியாதை செய்யும் வசனம், அந்த வஸிய்யத்தையே எப்படி ரத்துச் செய்யும்?

அது வாரிசு அல்லாதவர்களுக்கான வஸிய்யத் என்று பதில் வரும். அந்த நிபந்தனை வசனத்தில் இல்லை. 2:180 பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெற்றோர் எப்போதும் வாரிசுகள். 2:240, கணவன் தன் மனைவிக்கு ஓராண்டுப் பராமரிப்பையும், வீட்டை விட்டு வெளியேற்றாமையையும் வஸிய்யத்தாக விட்டுச் செல்ல வேண்டும் என்கிறது. மனைவியும் வாரிசுதான். இந்த இடத்தில் 2:240 உம் மன்ஸூக் என்கிறார்கள். நான்கு மாதம் பத்து நாள் இத்தாவைச் சொல்லும் 2:234 அதை நீக்கியதாம். இத்தா அவள் காத்திருக்க வேண்டிய காலம். ஓராண்டு என்பது அவளுக்குக் கொடுக்க வேண்டிய கூரையும் சோறும். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. ஒரு ரத்தைக் காப்பாற்ற இன்னொரு ரத்து தேவைப்படுகிறது என்றால், முதல் ரத்திலேயே பிழை இருக்கிறது என்றுதான் அர்த்தம். பிற்காலத்தில் இறங்கியதாக அறிஞர்கள் சொல்லும் ஸூரத்துல் மாயிதாவில், 106 முதல் 108 வரை, வஸிய்யத்துக்குச் சாட்சி வைக்கும் முறை விரிவாக வருகிறது: நீதியான இருவர், பயணத்தில் மரணம் நெருங்கினால் வேற்றவர் இருவர், சந்தேகம் வந்தால் தொழுகைக்குப் பின் அவர்களை நிறுத்திச் சத்தியம் வாங்குதல், அவர்கள் பொய் சொன்னது தெரியவந்தால் வேறு இருவர் எழுந்து மறுசத்தியம் செய்தல். சாகும் தறுவாயில் பயணி ஒருவன் சொல்வதற்குக்கூட இத்தனை பாதுகாப்புக் கொடுத்த வேதம், அதன் அடிப்படைக் கட்டளையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இது நடைமுறையில் யாரைப் பாதிக்கிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டை எடுங்கள். ஒருவர் மனைவி, மூன்று மகள்மார், ஒரு தம்பி ஆகியோரை விட்டு இறக்கிறார். கடன் போக மிஞ்சியது 144 இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 18 இலட்சம். மகள்மாருக்கு மூன்றில் இரண்டு, 96 இலட்சம், ஆளுக்கு 32. மிஞ்சும் 30 இலட்சம் அஸபா (மீதியை ஆண் வழி உறவினர் பெறுதல்) என்ற முறையில் தம்பிக்குப் போகிறது. தம்பி இல்லையென்றால் தம்பியின் மகனுக்கு, அவனும் இல்லையென்றால் பெரியவாப்பா, சாச்சாவின் (சிறிய தகப்பனின்) ஆண் வழியில் யார் கிடைக்கிறாரோ அவருக்கு. சொத்து ஒரே வீடு என்றால், தாயும் மகள்மாரும் வாழும் அந்த வீட்டில் அவர் பங்காளி. விற்றுப் பிரிக்கச் சொல்லி அவர் வழக்குப் போடலாம், போடுகிறார்கள்.

குர்ஆனில் இப்படிப்பட்ட தம்பியின் பங்கு (4:12 இல் வருவோரை மரபுச் சட்டம் தாய் வழிச் சகோதரர் என்றே கொள்கிறது) எங்கே வருகிறது? 4:176 இல். அங்கே நிபந்தனை, இறந்தவருக்குப் பிள்ளை இருக்கக் கூடாது என்பது. மரபுச் சட்டம் இந்த இடத்தில் 'பிள்ளை' என்பதை ஆண் வாரிசு என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே சட்டம், மனைவியின் பங்கைக் காலிலிருந்து எட்டில் ஒன்றாகக் குறைக்க ஒரே ஒரு மகள் இருந்தாலும் போதும் என்கிறது. விதவையின் பங்கைக் குறைக்கும்போது மகளைப் பிள்ளையாக எண்ணுகிறார்கள்; சாச்சாவைத் தடுக்க வேண்டிய இடம் வரும்போது அவளை எண்ணாமல் விடுகிறார்கள். ஷீஆ சட்டம் மகள் இருக்கும்போது சகோதரனுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே இது முஸ்லிம்கள் அனைவரும் ஒருமித்த முடிவும் இல்லை. நியாயமாக, இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த 30 இலட்சத்துக்குக் குர்ஆன் யார் பெயரையும் குறிக்கவில்லை. குறிக்காததற்கு விடை 2:180 இல் இருக்கிறது. இறப்பவர் தன் கையால், தன் வீட்டு நிலைமை அறிந்து, நியாயமாக நிரப்ப வேண்டிய இடம் அது. நாம் அதை நிரப்பாமல் விட்டோம். பிறகு ஆண் வழி உறவு வந்து அதை நிரப்பியது.

இதைவிட மனதை வருத்துவது யதீம் (தகப்பனை இழந்த) பேரப்பிள்ளைகளின் நிலை. ஒருவருக்கு இரண்டு மகன், ஒரு மகள். மூத்த மகன் வாப்பாவுக்கு முன்னே மௌத்தாகி, இரண்டு சிறு பிள்ளைகளை விட்டுப் போகிறான். பிறகு வாப்பாவும் இறக்கிறார். சொத்து 180 இலட்சம். இளைய மகனுக்கு 120, மகளுக்கு 60. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சதமும் இல்லை, ஏனெனில் உயிரோடிருக்கும் மகன் அவர்களை மறைத்துவிடுகிறான். மூத்தவன் உயிரோடு இருந்திருந்தால் அவனுக்கு 72 இலட்சம் வந்திருக்கும். தகப்பனை இழந்ததற்காகவே பிள்ளைகள் பாட்டனின் சொத்தையும் இழக்கிறார்கள்.

எகிப்து 1946 இல் இதே 2:180 ஐ ஆதாரமாக வைத்துச் சட்டம் இயற்றியது. பாட்டன் எழுதாவிட்டாலும் எழுதியதாகக் கொள்ளப்படும். பேரப்பிள்ளைகளுக்குத் தகப்பனின் பங்கு, மூன்றில் ஒன்றை மிஞ்சாமல். மேலே சொன்ன கணக்கில் 72 இன் இடத்தில் 60 இலட்சம் அவர்களுக்கு, மீதி 120 இல் மகனுக்கு 80, மகளுக்கு 40. உறவினருக்கு வஸிய்யத் கட்டாயம் என்ற ஸ்பெயின் நாட்டு இமாம் இப்னு ஹஸ்மின் கருத்தையும் அவர்கள் துணைக்கு எடுத்தார்கள். பாகிஸ்தான் 1961 இல் வேறு வழியில் போய், தகப்பனுக்குக் கிடைத்திருக்கும் பங்கை முழுதாகவே பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது. நமது 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்றோர் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், இறந்தவர் சார்ந்த மத்ஹபின்படி பங்கிடுக என்று மட்டுமே சொல்கிறது. அதில் யதீம்களுக்குக் கதவு இல்லை. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள்: மரண சாசனம் எழுதாமல் இறந்தவர்களுக்கான சட்டம் அது. எழுதி வைத்தவருக்கு வழி திறந்தே இருக்கிறது.

4:8 ஐயும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். பங்கு பிரிக்கும் இடத்தில் உறவினர், யதீம்கள், ஏழைகள் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்கிறது. இதைக் கட்டளை என்று எடுக்காமல் விரும்பினால் செய்யலாம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பங்கு பிரிக்கும் நாளில் மூத்தவனின் விதவையைக் கூப்பிடுவதுகூட இல்லை.

மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் கூடாது என்ற வரம்பும் குர்ஆனில் இல்லை. நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் நோயுற்றிருந்தபோது நபியவர்களுடன் நடந்த உரையாடலாக ஹதீஸில் வருவது அது. அதன் நோக்கம், வாரிசுகளைக் கையேந்த விடாதே என்பது. குர்ஆன் அதே நோக்கத்துக்கு வேறு காவல்களை வைத்திருக்கிறது. 2:180 இல் 'நியாயமான முறையில்', 4:12 இல் 'எவருக்கும் தீங்கிழைக்காமல்', 4:9 இல் பலவீனமான பிள்ளைகளை விட்டுச் செல்வோர் அஞ்சட்டும். 2:182 இல், எழுதுகிறவர் ஒரு பக்கம் சாய்வதாகப் பயந்தால் நடுவில் நின்று சீர் செய்கிறவர் மீது குற்றமில்லை. பிடித்த மகனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுவார்களே என்ற பயம் உண்மையானது. அப்படி எழுதுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதைத் தடுக்கும் வசனங்கள் இவை. ஜும்ஆ மேடையில் இவற்றைச் சொல்ல வேண்டும். அநியாயமாக எழுதுவார்கள் என்பதற்காக, எழுதச் சொன்ன கட்டளையையே மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

குர்ஆன் மட்டும் என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு கடினமான இடம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். மனைவி, மூன்று மகள்மார், தாய், தகப்பன். சொத்து 216 இலட்சம். மனைவிக்கு 27, மகள்மாருக்கு 144, தாய்க்கு 36, தகப்பனுக்கு 36. கூட்டினால் 243. இருப்பதைவிட 27 இலட்சம் அதிகம். மரபுச் சட்டம் 'அவ்ல்' என்ற முறையில் எல்லோரின் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது: மனைவிக்கு 24, மகள்மாருக்கு 128, பெற்றோருக்கு ஆளுக்கு 32. எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. இம்முறை கலீபா உமர் காலத்தில் வந்ததாகவும், நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை ஏற்கவில்லை என்றும் மரபு நூல்களே கூறுகின்றன. அவர் கருத்துப்படி மனைவி, பெற்றோர் பங்கைத் தொடாமல் மகள்மாருக்கு மீதியைக் கொடுத்தால், அவர்களுக்கு 117 இலட்சம். இரண்டில் எது சரி என்று குர்ஆன் நேராகச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் மனித ஆய்வுதான். ஆனால் இந்த முட்டுக்கட்டை மிகவும் வலிப்பது வஸிய்யத் இல்லாத வீட்டில். வாப்பா உயிரோடிருக்கும்போது, தன் வயதான பெற்றோருக்கு இவ்வளவு, சிறிய மகளின் படிப்புக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால், பங்குக் கணக்கு மிஞ்சியதன் மீதுதான் நடக்கும். பற்றாக்குறையின் சுமை யார் தலையில் என்பதை, வீட்டை அறிந்தவரே முடிவு செய்திருப்பார்.

எழுத நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியும் பாழாகிப்போகும் வஸிய்யத்துகள் ஏராளம்.

முதலில் கடனை எழுதுங்கள். கொடுக்காத மஹரும் (மணமகன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடையும்) கடன். விவாகப் பதிவில் தொகை எழுதி, கையில் கொடுக்காமல் விட்டிருந்தால், அது மனைவியின் எட்டில் ஒன்றில் சேராது. பங்குக்கு முன்னே தனியாகப் போக வேண்டியது. வாங்கிய சீட்டு, கடைக்குக் கொடுத்த முற்பணம், மச்சானிடம் வாய்ப்பேச்சில் வாங்கிய பணம் எல்லாவற்றையும் ஆள் பெயரோடு எழுதுங்கள். கடனை எழுதச் சொல்லும் 2:282 தான் குர்ஆனிலேயே நீளமான வசனம்.

சாட்சி விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குர்ஆன் இரண்டு சாட்சி சொல்கிறது என்று, பள்ளிவாசல் நிர்வாகிகள் இருவரை வைத்து வெள்ளைத்தாளில் கையொப்பமிட்டு அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். இந்நாட்டில் அது செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு (உறுதிகளை எழுதிச் சான்றளிப்பவர்) முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து பேர் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு இருவர், நாளைக்கு மூவர் என்று ஒப்பமிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. நொத்தாரிசிடம் போவதே நல்லது. குர்ஆன் சொன்ன இருவரும் அங்கேயே அமைந்துவிடுகிறார்கள். பங்கு பெறப்போகிறவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக வைக்க வேண்டாம்.

மனைவியின் பெயரை எழுதும்போது 2:240 ஐ மனதில் வையுங்கள். எட்டில் ஒன்று என்பது ஆறு பேர்ச்சஸ் வீட்டில் முக்கால் பேர்ச்சஸ். அதில் யாரும் வாழ முடியாது. குறைந்தது ஓராண்டுச் செலவு, அந்த வீட்டில் இருக்கும் உரிமை, அந்தக் காலத்துக்குள் விற்கக் கூடாது என்ற வாசகம், மூன்றையும் தெளிவாக எழுதலாம். ஓராண்டுக்கு மேல் அவர் ஆயுட்காலம் வரை எழுதினாலும் 'நியாயமான முறை' அதற்கு இடம் தருகிறது என்றே நினைக்கிறேன்.

உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 ஆம் பிரிவைப் பாருங்கள். மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால், அந்த நன்கொடை மீளப்பெற முடியாதது என்று கொள்ளப்படாது. சீதனமாக மகளுக்கு எழுதிய வீட்டைப் பிறகு திருப்பி எடுக்கும் சண்டைகள் இங்கேதான் முளைக்கின்றன.

சீதனம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'தாத்தாவுக்குக் கல்யாணத்தின்போதே கொடுத்தாச்சு, இனி அவவுக்குப் பங்கு இல்லை' என்று சொல்லிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் கொழும்பிலும் உண்டு, கிழக்கிலும் உண்டு. 4:7, பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் சரி, விதிக்கப்பட்ட பங்கு என்கிறது. உயிரோடிருக்கும்போது கொடுத்தது இறந்தபின் விட்டுச் சென்றதில் சேராது. சமமாக்க வேண்டும் என்று வாப்பா நினைத்தால், அதையும் வஸிய்யத்தில் காரணத்தோடு அவரே எழுத வேண்டும். ஜனாஸா போன வீட்டில், அழுது ஓயாத தங்கச்சியிடம் பேனையைக் கொடுப்பதற்குக் குர்ஆனில் எந்த ஆதாரமும் இல்லை.

எழுதியதன் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்று குறைந்தது இருவருக்குச் சொல்லி வையுங்கள். நீதிமன்றம் கேட்பது மூலத்தை. பிள்ளை பிறந்தாலும், யாரும் இறந்தாலும், வீடு விற்றாலும் வாங்கினாலும் திருத்தி எழுத வேண்டும். பழைய பட்டியலில் இருக்கும் வீடு கையில் இல்லாமல் போனால், அதை எழுதிக் கொடுத்த மகளுக்கு வெறுங்கைதான்.

உலமாக்களிடம் ஒரு வேண்டுகோள். ஹதீஸை மறுப்பவன் என்று முத்திரை குத்துவது எளிது. 'எழுத வேண்டியது எதுவும் உள்ள முஸ்லிம், வஸிய்யத் எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது சரியில்லை' என்று அதே ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. அதையாவது மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? என் கேள்விகள் மூன்று. வஸிய்யத் போக என்று நான்கு முறை சொல்லும் வசனங்கள் வஸிய்யத்தை ரத்துச் செய்தன என்பதற்குக் குர்ஆனுக்குள் ஆதாரம் எது? விதவைக்கு ஓராண்டு வீட்டை, இத்தா வசனம் எப்படிப் பறித்தது? மகள் இருக்கும்போது சாச்சாவுக்குப் பங்கு கொடுக்கும் வசனம் எது? வசன எண்ணோடு பதில் எழுதி அனுப்புங்கள். அப்படி வரும் பதிலை, எனக்கு எதிராக இருந்தாலும், முழுமையாக இதே பக்கத்தில் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாகப்பிரிவினைக் கணக்கில் பழக்கமுள்ள வாசகர்,
மருதானை, கொழும்பு 10.